கொறனரின் முகம்

எனக்கு வந்த நியமனக் கடிதத்தில் அந்தச் சொல் இல்லை. "திடீர் மரண விசாரணை அதிகாரியாக நியமிக்கப்படுகிறீர்கள்" என்று நீட்டி முழக்கி எழுதியிருந்தார்கள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், மீன்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நிற்கிறார்.

"ஐயா கொறனர் ஆகிட்டீங்களாம்?"

அவருக்கு யார் சொன்னது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திருகோணமலையில் ஒரு கடிதம் உறையைப் பிரிக்கும் முன்பே ஊருக்குப் போய்விடும். இருபத்தெட்டு வருடம் தபாலதிபராக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

கொறனர் என்றால் என்ன வேலை என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். ஒருவர் நோய்வாய்ப்பட்டு வைத்தியர் கண்முன்னே இறந்தால் பிரச்சினை இல்லை. கிணற்றில், தெருவில், கயிற்றில், கடலில் என்று திடீரென்று போய்விட்டால் பொலிஸ் என்னைக் கூப்பிடும். நான் போய்ப் பார்க்கவேண்டும், உறவினரைக் கேட்கவேண்டும், வைத்தியரின் அறிக்கையை வாசிக்கவேண்டும், மரணத்தின் காரணத்தை எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அதுவரைக்கும் பெற்ற தாயானாலும் உடலைத் தூக்க ஏலாது. அவ்வளவுதான் வேலை. சம்பளத்துக்காகச் செய்கிற வேலையும் இல்லை. ஆசையில் ஏற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவனுக்கு ஒரு முத்திரை, ஒரு பதவி, பொலிஸ்காரர் எழுந்து தருகிற கதிரை. வேறென்ன?

அந்தச் சொல்லின் பொருளை ஒருநாள் ஆங்கில அகராதியில் தேடிப் பார்த்தேன். முடியரசின் காரியங்களைக் கவனிக்க நியமிக்கப்பட்டவன் என்பது அதன் பழைய பொருளாம். ராசாவின் ஆள். எங்கள் கரையில் அது எந்த ராசா என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எருமையில் வருகிற ராசாதான்.

என் மனைவி முதல் நாளே சொன்னாள்: "இவ்வளவு காலமும் உங்களைக் கண்டால் சனம் காயிதம் ஏதும் வந்ததோ எண்டு கேட்டது. இனி ஆர் போயிட்டினம் எண்டு கேக்கப்போகுது, பாருங்கோ."

அவள் பகிடிக்குச் சொன்னாள். ஆனால் அதைவிட மோசமாகத்தான் நடந்தது. கேட்பதையே விட்டுவிட்டார்கள். கல்யாணக் காட் வந்தால் மனைவியின் பேருக்கு வரும். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம் என்று உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். எத்தனை மணிக்குப் போனாலும் குழந்தை குளித்துக்கொண்டேயிருக்கும். ஓட்டோக்காரர் நான் கைகாட்டினால் நிற்பார், ஆனால் சாமிப்படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பார். ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போட்டு வாறன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், கொறனர் திரும்பவும் வருவார் என்று கேட்டதும் அந்த வீட்டு மனுசியின் முகத்தில் ரத்தம் இல்லை. செத்தவீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு வருவது வழக்கமில்லை. கொறனர் எந்த வீட்டிலும் சொல்லக்கூடாது என்பதை நானாகவே படித்துக்கொண்டேன். அதன் பிறகு எங்கிருந்தும் பேசாமல் எழுந்து வந்துவிடுவேன்.

கொறனராவதற்கு முன்பே நான் ஜேபியும்கூட. சமாதான நீதவான். பிறப்புச் சாட்சிப் பத்திரப் பிரதி, பிள்ளைகளின் விண்ணப்பப் போம் என்று உயிரோடிருப்பவர்களின் கடதாசிகளுக்குக் கையெழுத்து வைக்கிற ஆள். அதற்கும் ஒரு முத்திரை. இரண்டும் ஒரே மேசை லாச்சியில் கிடந்தன. விண்ணப்பத்தோடு வருகிறவர்கள் நான் லாச்சியைத் திறக்கும்போது எட்டிப் பார்ப்பார்கள். "ஐயா, மாறி மற்றதைக் குத்திப்போடாதேங்கோ" என்று ஒருவர் சொல்லி, தானே சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

இதெல்லாம் எனக்குக் கோபம் தந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடற்கரையில் நடந்ததுதான் சுட்டது.

சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிருந்தார். விடியற்காலையில் எங்கள் கரை வழியாக நடப்பேன். ஊருக்குள் திரிகிற மான்கள் மணலில் படுத்திருக்கும் நேரம். தொழிலுக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வந்து வள்ளத்தைத் தள்ளுவார்கள். எங்கள் ஆட்களுக்கு முழிவியளம் பெரிய விஷயம். வெளிக்கிடும்போது யார் முகத்தில் முழிக்கிறோமோ அதன்படிதான் அந்த நாள். ஒருநாள் ஒரு மனிதர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டார். துடுப்பைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ! என் முகத்தால் ஒரு வீட்டின் ஒரு நாள் போய்விட்டது.

மறுநாளிலிருந்து, கால்சத்தம் கேட்டால் நான் கோயில் மதில் பக்கமாகத் திரும்பி நின்றுவிடுவேன். அவர்கள் கடந்து, வள்ளத்தில் ஏறி, இயந்திரச் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவேன். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் இது விளங்கிவிட்டது. தூரத்தில் வரும்போதே தொண்டையைச் செருமுவார்கள். செருமல் கேட்டதும் நான் திரும்பி நிற்பேன். யாரும் யாருக்கும் சொல்லி வைத்ததில்லை. தானாக உண்டான வழக்கம். அந்தச் செருமலில் ஒரு மரியாதை இருந்தது என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். இந்த ஊரிலேயே நாகரிகம் தெரிந்த கொறனர் நான்தான் என்று நினைப்பு.

அன்றைக்கும் அப்படித்தான். பின்னால் செருமல் கேட்டது. மதிலைப் பார்த்து நின்றேன். மதிலில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை, ஓரிடத்தில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. கால்சத்தம் வந்தது. என் பின்னால் நின்றது.

"ஐயா."

நான் திரும்பவில்லை.

"ஐயா, பின்னேரம் வீட்டில நிப்பீங்களோ? மகளின்ர போமுக்கு ஒரு கையெழுத்து வேணும்."

குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டேன். எங்களுக்குக் கணவாய் மீன் கொண்டுவந்து தருகிறவர். தனியாக ஒரு சின்ன வள்ளத்தில் தொழில் செய்பவர். அதிகம் பேசமாட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. 'விசரன், கடலுக்குப் போகிற நேரத்தில் கொறனரோடு கதை குடுக்கிறான்' என்று நினைத்தேன். நான் வாய் திறந்து பதில் சொன்னால் அது அவருக்குக் கூடாது. ஆகவே திரும்பாமல், பேசாமல், இடது கையை இடுப்பளவுக்குத் தூக்கிக் காட்டினேன். சரி, வா என்று பொருள். அதை அவர் கண்டாரோ தெரியாது. கொஞ்சநேரம் நின்றார். பிறகு மணலில் கால்சத்தம், வள்ளம் தள்ளுகிற சத்தம், இயந்திரச் சத்தம்.

பின்னேரம் நான் சட்டை மாற்றி, மேசையில் ஜேபி முத்திரையையும் மையையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மனைவி இரண்டு தரம் வந்து பார்த்தாள்.

"ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்?"

"ஒருத்தர் வாறன் எண்டவர்."

விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இருந்தேன். வரவில்லை. மறுநாள் காலை வள்ளம் மட்டும் தனியே மிதந்ததைக் கண்டு வேறு தொழிலாளிகள் இழுத்துவந்தார்கள். அதற்கு மறுநாள் சல்லி ஊர்ப் பக்கக் கரையில் உடல் ஒதுங்கியது. பொலிஸிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் விசாரணை. நான், ஒரு பொலிஸ் சார்ஜன், இறந்தவரின் மனைவி, அவளைப் பிடித்துக்கொண்டு அவளுடைய தம்பி. வைத்தியரின் அறிக்கையில் நீரில் மூழ்கி மூச்சுத் திணறல் என்று இருந்தது. காலில் நங்கூரக் கயிறு சுற்றிய அடையாளம். அன்றைக்குக் கடல் சும்மா கிடந்த நாள். அதனால்தான் ஊர் குசுகுசுத்தது. அனுபவமுள்ள தொழிலாளி, அலையில்லாத நாளில் எப்படி விழுவார்?

எல்லா விசாரணையிலும் நான் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. அன்றைக்கும் கேட்டேன்.

"இவரைக் கடைசியாக உயிரோட கண்டது ஆர்?"

"நான்தான் ஐயா. விடியக் காலமை, வீட்டில. அதுக்குப் பிறகு ஒருதரும் காணேல்லை."

என் பேனை கடதாசிக்கு மேலே நின்றது. நான் சொல்லியிருக்கவேண்டும். இல்லை பிள்ளை, அதற்குப் பிறகு உன் புருசன் என்னோடு கதைத்தவர் என்று. ஆனால் சொன்னால் நான் சாட்சி. சாட்சி விசாரணை நடத்த ஏலாது. பக்கத்துப் பிரிவின் கொறனர் லீவில், அடுத்த நாள் போயா விடுமுறை, அதற்கடுத்து ஞாயிறு. ஏற்கெனவே கடலில் கிடந்த உடல். அதை இன்னும் மூன்று நாள் பிரேத அறையில் வைத்து அந்த மனுசியைக் காக்க வைப்பதா? இப்படியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மை. ஆனால் காரணம் அதில்லை.

காரணம் வேறு. நான் வாய் திறந்தால் அன்றைக்கே கரை முழுக்கப் பரவும்: கொறனரின் முகத்தில் முழித்துவிட்டுப் போன ஆள், திரும்பி வரவில்லை. முகத்தைத் திருப்பி நின்றேன் என்று யாருக்கு விளக்குவது? அந்தப் பெயரைச் சுமக்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. வெட்கக்கேடு, எழுதவே கை கூசுகிறது. நானும் அவரைக் காணவில்லைதானே, குரலைத்தானே கேட்டேன் என்று ஒரு சட்டத்தரணியைப்போல எனக்கு நானே வாதாடி, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். தீர்ப்பு: கயிறு காலில் சிக்கித் தவறி விழுந்ததால் நேர்ந்த விபத்து. வாசித்தபோது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஆறுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கிழமையில் அவள் வீட்டுக்கு வந்தாள். வாசல் படலையில் நின்றவளை என் மனைவிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். கதிரையில் இருக்கமாட்டேன் என்று சுவரோரம் நின்றாள்.

"ஐயா, நீங்கள் எங்களுக்குச் செய்த உதவியை உயிர் உள்ள வரைக்கும் மறக்க ஏலாது."

"நான் என்ன பிள்ளை செய்தனான்?"

"விபத்து எண்டு எழுதினீங்கள்தானே. உண்மையை எழுதியிருந்தால் நாங்கள் இந்தக் கரையில சீவிக்க ஏலுமோ? என்ர பிள்ளையை ஆர் கட்டுவினம்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அண்டைக்கு விடியச் சண்டை ஐயா. மகளுக்கு ஆசிரியர் படிப்புக்கு, கல்வியியல் கல்லூரிக்குப் போடலாம் எண்டு போம் வந்தது. தூர இடம், விடுதியில நிக்கோணும். விடமாட்டன் எண்டு ஒரே பிடியா நிண்டவர். நானும் விடேல்லை. இரவிரவாச் சண்டை. விடியத் தேத்தண்ணியும் குடிக்கேல்லை. ஆனாலும் படலையில நிண்டு, போட்டு வாறன் எண்டு சொன்னவர் ஐயா. நான்..." படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான், போய்த் துலையுங்கோ எண்டு சொன்னனான். கடலுக்குப் போற மனுசனைப் பாத்து."

என் மனைவி குசினி வாசலில் தேத்தண்ணியோடு அப்படியே நின்றாள்.

"கோவத்தில, மானத்தில, தானா விழுந்தவர் ஐயா. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். மனமிரங்கி மாத்தி எழுதினீங்கள்."

"அப்பிடி நினையாதேங்கோ பிள்ளை" என்றேன்.

"மகளை இனி அனுப்பமாட்டன். அவர் உயிரைக் குடுத்து வேண்டாமெண்ட காரியம். அந்தப் போமைக்கூட அவர்தான் எடுத்து ஒளிச்சு வைச்சிருந்தவர். கோயிலுக்குப் போடுற வெள்ளைச் சேட்டுப் பையுக்குள்ள மடிச்சு வைச்சிருந்தது. நான் விரிச்சும் பாக்கேல்லை. சேட்டோட சேத்து அலுமாரிக்குள்ள வைச்சிட்டன்."

ஒளித்து வைக்கவில்லை. பின்னேரம் போட்டுக்கொண்டு என்னிடம் வருவதற்காக எடுத்துவைத்த சேட்டு. இரவுச் சண்டைக்கு நடுவிலோ, விடிய வெளிக்கிட முன்போ, அவர் மனம் மாறியிருக்கிறார். மனைவியிடம் சொல்ல ரோசம். கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். இந்த உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு, அவள் வந்து நின்ற அன்றைக்கு, இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். அந்த மாதம் நாலைந்து பிள்ளைகளுக்கு அதே போமில் கையெழுத்து வைத்திருந்தேன்.

நான் வாய் திறக்கவில்லை. அப்போது சொன்னால், விசாரணையில் மறைத்தது வெளியே வரும். முதலாவது பொய்க்கு வெட்கம் காரணம். இரண்டாவதற்குப் பயம். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கும்பிட்டாள், கேட்டீர்களா, என்னை!

"நீங்கள் என்னத்தையோ மறைக்கிறீங்கள்" என்றாள் மனைவி.

"விசர்க்கதை கதையாதை" என்று கத்தினேன். அவள் ஆறின தேத்தண்ணியைக் கொண்டுபோய் ஊற்றினாள்.

பேய், பிசாசு என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்கு ஏற்காது. கொறனராக எத்தனை உடலைப் பார்த்திருப்பேன், ஒன்றும் என்னைத் தேடி வந்ததில்லை. ஆனால் அந்தச் செருமல் வந்தது. கரையில் நடப்பதை நிறுத்தி, உட்துறைமுகப் பக்கமாக நடக்கத் தொடங்கினேன். அங்கே வள்ளம் தள்ளுகிறவர்கள் இல்லை. என்றாலும் பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமுவார். திரும்பினால் தெரு வெறுமையாகக் கிடக்கும், இல்லாவிட்டால் ஒரு மான் குப்பையை முகர்ந்துகொண்டு நிற்கும். பஸ்ஸில் கேட்டேன். கோயிலில் தீபாராதனை நேரம், மணிச்சத்தத்துக்கு நடுவில் கேட்டேன். அதன் பிறகு எத்தனையோ விசாரணைகள், ஒவ்வொன்றிலும் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும். கடைசியாக உயிரோட கண்டது ஆர் என்று கேட்கும்போது, இன்றைக்கு இவர்கள் பதில் சொல்லமாட்டார்கள், திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்று தோன்றும். காதைக் காட்டப் போனேன், வைத்தியர் ஒன்றுமில்லை என்றார்.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் கவனிக்க முன்பே மனைவி கவனித்தாள். பின்னேரங்களில் நான் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. கோயில் திருவிழா, உறவுக்காரரின் கல்யாணம், எதுவானாலும் காலையில் போவேன், மூன்று மணிக்குள் வந்துவிடுவேன். சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் இருப்பேன். மை காயாமல் பார்த்துக்கொள்வேன். "பின்னேரம் வீட்டில நிப்பீங்களோ?" ஏழு வருடமாக நின்றேன்.

கடலில் போனவரின் மகளை ஒருநாள் புடைவைக் கடையில் கண்டேன். மனைவிக்குச் சட்டைத்துணி வாங்கப் போன இடத்தில், அவள்தான் துணி அளந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். ஒரு வாடிக்கையாளரின் சின்னப் பிள்ளை பக்கத்தில் நின்று, அவள் மீற்றர் மீற்றராக அளக்க அளக்கக் கூடவே எண்ணியது. ஒண்டு, ரெண்டு, மூண்டு, அஞ்சு. அவள் நிறுத்தினாள். துணியை முழுதாகத் திருப்பிச் சுற்றி, முதலிலிருந்து அளந்தாள். நாலு வரும் வரைக்கும் அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு வந்ததும் சிரித்தாள். கடை முதலாளி, "என்ன அங்க பள்ளிக்கூடம் நடத்துறியோ?" என்று சத்தம் போட்டார். அவள் என்னைக் கண்டதும் திரும்பி, "வாங்கோ கொறனர் ஐயா, என்ன பாக்கிறீங்கள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு மனுசி விலகிக்கொண்டாள்.

இந்த வருடம் எனக்கு வயது போய்விட்டது என்று கடிதம் வந்தது. கொறனர் முத்திரையைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். வெளியே வந்தால் வாசலில் நின்ற ஓட்டோக்காரர், "கொறனர் ஐயா, வீட்டையோ?" என்கிறார். முத்திரையைத் திருப்பிக் கொடுக்கலாம், சொல்லைத் திருப்பி வாங்க அந்தக் கந்தோரில் ஆள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அரைவாசியை அவளே ஊகித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"இனியாவது போங்கோ. அந்தப் பிள்ளை இண்டைக்கு வீட்டில நிப்பாள்" என்றாள். பிறகு, "நானும் வரட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவர்களுடையது சீமெந்துக் கல் வீடு. பூசாத சுவர். முன்னறையில் அவருடைய படம், கீழே சின்ன விளக்கு. தாய் தனியே மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். இப்படி நான் ஒரு வீட்டுக்குப் போனால் யாருக்கும் முதலில் வருவது பயம்தான்.

"ஆருக்கு ஐயா என்ன?"

"ஒருதருக்கும் ஒண்டுமில்லை. நான்தான் ஒண்டு சொல்ல வந்தனான்."

மகள் உள்ளேயிருந்து கதிரை கொண்டுவந்து வைத்தாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். கரை, மதில், செருமல், அவர் கேட்ட கேள்வி. விசாரணையில் மறைத்தது. அந்தியேட்டிக்குப் பிறகு அவள் வந்தபோது மறைத்தது. ஏன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

"அண்டைக்கோ?" என்றாள் தாய்.

"ஓம். அண்டைக்கு விடிய."

"மகளின்ர போமுக்கு எண்டு சொன்னவரோ?"

"ஓம். மகளின்ர போமுக்கு ஒரு கையெழுத்து வேணும் எண்டுதான் சொன்னவர்."

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். மீன் வெட்டிய கை அப்படியே மடியில். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"முகம் எப்பிடி இருந்தது ஐயா?"

நான் எதிர்பார்க்காத கேள்வி. ஏழு வருடத்தில் ஆயிரம் தரம் மனதுக்குள் இந்த வீட்டு வாசலில் நின்று ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இது அந்த ஆயிரத்தில் இல்லை.

"நான் திரும்பிப் பாக்கேல்லை பிள்ளை. என்ர முகத்தில முழிச்சால் அவருக்குக் கூடாதெண்டு, மதிலைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

"ஒருக்காலும் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"குரல்?"

"குரலில கோவம் இல்லை. அது எனக்குத் தெரியும்."

மகள் உள்ளே போனாள். அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பூச்சிக் குண்டு மணக்கிற ஒரு வெள்ளைச் சேட்டைக் கொண்டுவந்து, பையிலிருந்து கடதாசியை எடுத்து விரித்தாள். மடிப்பு ஒட்டிப்போயிருந்தது, மெல்ல மெல்லத்தான் விரிந்தது. பெற்றோரின் சம்மதம் என்ற இடத்தில் நீலப் பேனையால் அவருடைய பெயர். எழுத்துப் பழக்கமில்லாத கை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. அதற்குக் கீழே ஜேபியின் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் விட்ட கட்டம். வெறுமையாக இருந்தது.

"அம்மா, அப்பா கையெழுத்து வைச்சிருக்கிறார்" என்றாள் மகள்.

தாய் எட்டிப் பார்த்தாள். தொடவில்லை, கையில் மீன்ரத்தம்.

"நான் இந்தப் படத்துக்கு ஒரு நாளும் விளக்கு வைக்கேல்லை ஐயா" என்றாள் மகள் என்னிடம். "அம்மாதான் வைக்கிறவ. என்னைப் படிக்க விடாமல் செத்துப்போன மனுசன் எண்டு, நான் ஏழு வருசமா அப்பாவோட கோவம்."

இரண்டு பேரும் என்னை ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால், மண்ணள்ளித் தூற்றியிருந்தால், அதை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். நான் போகவேண்டும், ஆனால் எப்படிப் போவது என்று தெரியாமல் நின்றேன். இத்தனை வருடம் எந்த வீட்டிலும் சொல்லாத வார்த்தை அன்றைக்கு வாய்க்கு வந்தது. ஏனென்று தெரியாது. திரும்ப வந்து இவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற நினைப்பாக இருக்கலாம்.

"அப்ப, போட்டு..."

தாய் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"வாறன் எண்டு சொல்லாதேங்கோ ஐயா. பேசாமல் போங்கோ. இண்டைக்குத்தான் இஞ்ச செத்தவீடு."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படலைக்கு வந்தேன். பின்னால் மகளின் அழுகை வெடித்தது, பிறகு தாயினுடையது. அக்கம்பக்கத்தார் வெளியே வந்து, என்னைக் கண்டு, ஐயோ, கொறனர் வந்திட்டார், ஆர் போயிட்டினம் என்று கேட்டார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை வெள்ளைச் சேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். தாய் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் அந்தக் கடதாசியைத் தொடாமல் நின்றாள்.

கேட்டவர்களுக்கு, அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய பெயரைச் சொன்னேன்.